அப்பாவின் நினைவு மலரில் கடற்படைக் காலத்தை எவ்வளவு எழுதுவது?

வெள்ளவத்தைமகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா இம்மாத முற்பகுதியில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே காலமானார். அவருக்கு வயது 88. கனத்தை மயானத்தில் தகனமும், பின்னர் எட்டுச் செலவும் முடிந்துவிட்டன. 31ஆம் நாள் கிரியையன்று கொடுக்கவேண்டிய நினைவு மலரை இப்போது தொகுத்துக்கொண்டிருக்கிறேன். தேவார திருவாசகங்களும் வம்சாவளியும் ஆயத்தமாகிவிட்டன. வாழ்க்கைக் குறிப்பு எழுதவேண்டிய பக்கங்களில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

அப்பா 1956இல், தமது 19ஆவது வயதில், அரச இலங்கைக் கடற்படையில் பயிலுநர் அதிகாரியாகச் சேர்ந்தார். இங்கிலாந்தில் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்று திரும்பி, விஜய, கஜபாகு ஆகிய கப்பல்களிலும் திருகோணமலையிலும் காரைநகரிலும் கடமையாற்றி, 1978இல் லெப்டினன்ட் கொமாண்டராக ஓய்வு பெற்றார். அதன் பின்னர் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் முதுமை வரை வேலை செய்தார். எங்களுக்கு அவர் அப்பா; பேரப்பிள்ளைகளுக்கு, கிழமைதோறும் காலி முகத்திடலுக்குக் கூட்டிச் சென்று வானத்தைக் காட்டிய தாத்தா.

இனிச் சிக்கலைச் சொல்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி என்று ஒரு வரி போட்டால் போதும்" என்கிறார். லண்டனில் இருக்கும் தம்பிக்கு அந்த ஒரு வரியும் வேண்டாம். அத்தை இன்னும் ஒருபடி மேலே போய், "நேவி என்று போடாதே பிள்ளை, கப்பல் கம்பனியில் வேலை பார்த்தவர் என்று போடு" என்றார். மூவரும் அப்பாவில் உயிரையே வைத்திருந்தவர்கள். யுத்த காலத்தில் கடற்படை என்ற பெயர் எங்கள் சனங்களின் காதில் எப்படி விழுந்தது என்பதை நினைத்துத்தான் அவர்கள் தயங்குகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு மனிதரின் 22 வருடங்களை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை அவருடைய வாழ்க்கை என்று அச்சடித்துக் கொடுக்க என் மனம் இடம் தரவில்லை.

அப்பா எழுதி வைத்த கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. கப்பலில் பதிவேடு எழுதுகிற அதே முறையில் வீட்டையும் எழுதியிருக்கிறார். முதலில் நேரம், பிறகு காற்றின் திசை, பரோமீற்றர் அளவு, அதன்பின் செய்தி. 1964 டிசெம்பர் 22ஆம் திகதிப் பக்கத்தில், திருகோணமலையில் இருந்து, பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறார்: "பரோமீற்றர் தொடர்ந்து விழுகிறது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. அவளுக்குப் பயம் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது." அன்றிரவுதான் அந்தப் பெரும் புயல் அடித்து, அப்பால் தனுஷ்கோடியையும் அழித்தது. அம்மா அப்போது அண்ணாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அடுத்த மாதம் அண்ணா பிறந்தார். இந்தப் பக்கத்தைக் குடும்பக் கதை என்று எடுப்பதா, கடற்படைக் கதை என்று எடுப்பதா? என்னால் பிரிக்க முடியவில்லை.

இப்படியான மலர்களைத் தொகுத்தவர்களும், அந்தக் காலக் கடற்படையை அறிந்தவர்களும் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். அப்பாவின் நாற்பதுகளில் எடுத்த படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

பழையமாலுமி

உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன், தங்கச்சி. படத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டேன். நான் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில், மேற் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்களைப் போன்ற பொடியன்களுக்கு உங்கள் அப்பா மாலை வேளைகளில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கடல்வரைபடம் விரித்துப் பாடம் சொல்லித் தந்தார். ஒரு சதமும் வாங்கியதில்லை. இரண்டு கோல்களையும் ஒன்றை ஒன்று நகர்த்திக்கொண்டு போகும் இணைகோல், 2பி பென்சில், மெதுவான அழிறப்பர் ஆகிய மூன்றும் எப்போதும் அவருடைய வலக்கைப் பக்கம் ஒரே ஒழுங்கில் இருக்கும். நான் கோட்டை அழுத்திக் கீறியபோது, "மெல்லக் கீறு தம்பி, நாளைக்கு இதே படத்தில் இன்னொருவன் தன் பாதையைக் கீற வேண்டும்" என்றார்.

மலரில் என்ன எழுதினாலும் சரியாக எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கடற்படைச் சட்டத்தின் கீழ் அரச இலங்கைக் கடற்படை உருவானது 1950 டிசெம்பர் 9ஆம் திகதி. 1972 மே 22ஆம் திகதி நாடு குடியரசான பிறகே பெயரில் இருந்த 'அரச' என்பதும், தொப்பிச் சின்னத்தில் இருந்த கிரீடமும் போயின. ஆகவே அப்பா சேர்ந்தது ஒரு பெயருள்ள படையில், ஓய்வு பெற்றது இன்னொரு பெயருள்ள படையில். விஜய, கடற்கண்ணிகளை அகற்றும் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கண்ணிவாரிக் கப்பல். பிரித்தானியாவிடம் இருந்து வந்தது. கஜபாகுவும் மகாசேனவும் கனடாவில் கட்டப்பட்டு, இஸ்ரேலின் கைக்குப் போய், அங்கிருந்து 1959இல் நாம் வாங்கிய போர்க்கப்பல்கள். இப்படி இரண்டு மூன்று வசனங்களாவது எழுதினால்தான், அவர் எப்படிப்பட்ட கடற்படையில் இருந்தார் என்பது பேரப்பிள்ளைகளுக்கு விளங்கும். விரல் விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள், ஒருவரை ஒருவர் முகம் தெரிந்த அதிகாரிகள் என்று இருந்த சிறிய கடற்படை அது.

இன்னொன்றையும் இன்றைய பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். 1960 முதல் 1970 வரை அந்தக் கடற்படையின் தளபதியாக இருந்தவர் ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். பின்னாளில் வெளிநாட்டமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணர். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டிலேயே உங்கள் அப்பா சேர்ந்திருக்கிறார். ஒரு தமிழ் இளைஞன் அந்த வருடத்தில் அந்த வாசலுக்குள் போக முடிந்தது என்பதும், பிறகு அந்த வாசல் எப்படி ஒடுங்கியது என்பதும் வரலாறு. மூடி மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

இறைபணி

என் கருத்து வேறு. நினைவு மலர் என்பது இறந்தவரின் ஆத்ம சாந்திக்காகப் பாராயணம் செய்யும் நூல். வீட்டுச் சாமியறையில் வைத்து ஆண்டுத் திவசத்தன்று எடுத்துப் படிப்பது. அதில் கப்பலின் பெயரும் தளபதியின் பெயரும் எதற்கு? பிறந்த ஊர், பெற்றோர், மணம், மக்கள், மருமக்கள், பேரர், தொழில், இறைபக்தி ஆகிய இவை போதும். மிகுதியைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளலாம். மலர் ஒருமுறை அச்சாகி ஊருக்குப் போய்விட்டால் யார் கையில் கிடைக்கும், யார் என்ன பொருள் கொள்வார்கள் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. உங்கள் சகோதரர்கள் பொறுப்போடுதான் சொல்லியிருக்கிறார்கள்.

காரைக்கரை

நான் காரைநகரான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடற்றொழில். எண்பதுகளின் நடுப்பகுதியில் இருந்து வடக்குக் கடலில் வந்த தடைகளால் எங்கள் படகு கரையிலேயே கிடந்து உக்கியது. ஐயா கொழும்புக்கு வந்து கடையொன்றில் கணக்கெழுதித்தான் எங்களைப் படிப்பித்தார். ஆகவே 'கடற்படை' என்ற எழுத்தை ஒரு மலரில் பார்த்தால், எங்கள் வீட்டில் யாரும் அடுத்த வரியை வாசிக்க மாட்டார்கள். அதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் அதனாலேயே நீங்கள் விரிவாக எழுத வேண்டும் என்கிறேன். ஒரு வரி போட்டால், வாசிப்பவர் அந்த ஒரு வரிக்குள் தனக்குத் தெரிந்த காலத்தைத்தான் நிரப்பிக்கொள்வார். 1956 என்றும் 1978 என்றும் ஆண்டுகளைத் தெளிவாகப் போடுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளையும் பார்த்தால், அவர் எந்தக் கடலில் எந்தக் காலத்தில் நின்றார் என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

என் பாட்டனார் 1990களின் முடிவில் காலமானவர். அறுபதுகளில் எங்கள் ஊர்க் கடற்படை முகாமில் இருந்த தமிழ் அதிகாரி ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். மாலையில் துறைக்கு வந்து தொழிலாளிகளோடு குந்தியிருந்து காற்றைப் பற்றிக் கேட்பாராம். வாடை எப்போது திரும்பும், கொண்டல் எழும்பினால் எந்தப் பக்கம் வலை விடக்கூடாது, சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பெயர்ந்தால் எத்தனை நாளுக்குக் கடல் கலங்கும், கச்சானுக்கு எந்தத் துறை ஒதுக்கு என்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதுவாராம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். காற்று சற்றுப் பலத்தால் அலை குறுகிச் செங்குத்தாக எழும். வரைபடம் சொல்லாததைக் கரையில் உள்ளவன்தான் சொல்ல முடியும். அது உங்கள் அப்பாதானா என்று எனக்குத் தெரியாது. கொப்பிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா.

கொட்டாஞ்சேனையான்

எல்லோரும் காற்றைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் எழுதுகிறீர்கள். நான் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கிறேன். துக்க வீட்டில் கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம்.

அறுபதுகளில் காரைநகரில் கடற்படையின் முதன்மையான வேலை என்ன? இந்தியாவில் இருந்து தோணியில் வருபவர்களைப் பிடிப்பது. 1952 முதலே இராணுவமும் கடற்படையும் சேர்ந்து செய்த வேலை அது. பிடிபட்டவர்கள் யார்? இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கூலிச் சனம். என் பாட்டனின் தம்பி அப்படி வந்து, பிடிபட்டு, திருப்பி அனுப்பப்பட்டவர். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் இந்தப் பிறவியில் ஒருவரை ஒருவர் காணவில்லை. 'கள்ளத்தோணி' என்ற சொல்லைத் தோணியில் ஏறியே பாராத மலையகத்துப் பிள்ளைகளின் முகத்தில் இன்றும் எறிகிறார்கள். 1964 ஒக்ரோபரில் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தார்கள். உங்கள் அப்பா ரோந்து போன காலம் அதுதான்.

அவரைக் குற்றம் சாட்டவில்லை. அவர் ஏற்ற கடமையைச் செய்தார். ஆனால் "காரைநகரில் கடமையாற்றினார்" என்று மட்டும் எழுதினால், அந்தக் கடமையின் மறுபக்கத்தில் நின்றவர்கள் இல்லாமற் போகிறார்கள். எழுதுவதானால் அதையும் எழுதுங்கள். எழுதமாட்டீர்கள் என்றால் இறைபணி ஐயா சொன்னதுபோல் விட்டுவிடுங்கள்.

தெஹிவளைவாசகி

நான் ஒரு கடற்படை அதிகாரியின் மகளாகத் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் டொக்யார்ட் குடியிருப்பில் வளர்ந்தவள். இதுவரை எழுதிய எல்லோரும் அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். 'அவளுக்குப் பயம் இல்லை' என்று அந்தப் புயற் பக்கத்தில் இருக்கிறதே, அந்த அம்மாவைப் பற்றி மலரில் எத்தனை வரி வரப்போகிறது?

கடற்படை வீட்டில் அப்பா என்பவர் வருகிறவர், போகிறவர். இடமாற்றக் கடிதம் வந்தால் பானை சட்டியில் இருந்து பள்ளிக்கூடச் சான்றிதழ் வரைக்கும் கட்டுவது அம்மா. திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு ரயிலில், கல்லோயாச் சந்தியில் பெட்டி மாற்றி இணைக்கும்வரை மடியில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழித்திருப்பது அம்மா. 1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துப் போன பிறகு, அவர்கள் விட்டுச் சென்ற பெரிய பெரிய வீடுகளில் எங்கள் குடும்பங்கள் குடியேறின. கூரை உயரம், ஜன்னல் அகலம், சமையலறை மட்டும் வீட்டை விட்டுத் தள்ளி. மழைக் காலத்தில் குடை பிடித்துக்கொண்டு சோறு கொண்டுவருவோம். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது அப்பாமார் எங்கே இருக்கிறார்கள் என்பதே கிழமைக் கணக்கில் தெரியாது. அம்மாமார் ஒரு வீட்டில் கூடிப் பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு வானொலியைச் சுற்றி இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிங்கள அம்மா, தமிழ் அம்மா, பறங்கி அம்மா எல்லோரும் ஒரே பாயில்.

அம்மா இப்போதும் இருக்கிறார் என்றால், வாழ்க்கைக் குறிப்பை அவரிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். தம்பி, அண்ணா, அத்தை எல்லோரையும் விட அந்த 22 வருடங்களில் அதிக உரிமை அவருக்குத்தான் உண்டு.

சங்கநூலகம்

அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு நேற்று இரவு முழுவதும் இதை எழுதுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து எங்களை லங்கா கல்யாணி கப்பலில் ஏற்றினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அது பயணிகள் கப்பல் அல்ல, சரக்குக் கப்பல். சாமான் ஏற்றும் இடத்தில் சனம் நிறைந்திருந்தது. அந்தப் படத்தில் உள்ளவர், கசங்கிய வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, முதல் ஆளாக ஏறி, கப்பல்காரரோடு சிங்களத்தில் ஏதோ பேசிவிட்டு, எங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். வயோதிபரையும் கர்ப்பிணிகளையும் கப்பலின் நடுப்பகுதியில், கீழே படுக்க வைத்தார். அங்கேதான் ஆட்டம் குறைவு என்று என் அம்மாவுக்கு விளக்கினார். தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்களை நிறுத்தி ஆளுக்கு ஒரு கோப்பை என்று அளந்தார். சத்தி எடுத்தவர்களை மேல்தட்டுக்குக் கூட்டிப் போய், "அலையைப் பார்க்காதே, தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்" என்றார்.

நேராக வடக்கே போனால் யாழ்ப்பாணம் கிட்டத்தானே, ஏன் தெற்கே போகிறோம் என்று எல்லோரும் பயந்தார்கள். எங்களை எங்கேயோ கொண்டுபோகிறார்கள் என்ற பேச்சுப் பரவி, பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவர் ஒரு சீமெந்துப் பைக் கடதாசியில் இலங்கையை வரைந்தார். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் மணல் திட்டு, பெரிய கப்பல் போக ஆழம் போதாது. ஆகவே காலி, தேவேந்திரமுனை, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை என்று தீவைச் சுற்றித்தான் காங்கேசன்துறைக்குப் போக முடியும் என்று காட்டினார். "இப்போது சோழகக் காலம். தேவேந்திரமுனை வரைக்கும் கடல் கடுமையாக இருக்கும். கிழக்குக் கரைக்குத் திரும்பிப் பொத்துவிலைத் தாண்டினால் தரை காற்றை மறைக்கும், கடல் அடங்கும்" என்றார். அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்னபடியே அடங்கியது. அதுவரை எங்கள் வீட்டார் யாருடைய வார்த்தையையும் நம்பும் நிலையில் இருக்கவில்லை.

அவர் கடற்படையில் இருந்தவர் என்று இறங்கும்போதுதான் யாரோ சொன்னார்கள். என் தகப்பனார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பிறகு போய் அவருடைய கையைப் பிடித்தார். அக்கா, இது மலரில் வரவேண்டும். என் பெயரோடு சாட்சியம் எழுதித் தருகிறேன்.

பழையமாலுமி

கிழக்குக் கரையின் அமைதி பற்றி அவர் சொன்னது எங்கள் பாடத்தில் இருந்ததுதான். புயலைப் பற்றியும் சொல்வார்: பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், புயலின் மையம் உன் இடக்கைப் பக்கம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் அழித்த கதையையும், 1964ஐயும் வைத்துத்தான் அதைப் படிப்பிப்பார். 1983இல் அவரும் அந்தக் கப்பலில் போனார் என்பதை இன்றுதான் அறிகிறேன். அடுத்த வருடம் திரும்பி வந்து அதே மேசையில் அதே வரைபடத்தை விரித்தபோது அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வெள்ளவத்தைமகள்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும். நேரம் இல்லாததால் ஒன்றாக எழுதுகிறேன்.

சங்கநூலகம் தம்பி, அந்தக் கப்பலில் நானும் இருந்தேன். எனக்குப் பதினைந்து வயது. அப்பா எங்களோடு இருக்காமல் மற்றவர்களோடு திரிகிறார் என்று கோபப்பட்டு மூலையில் இருந்ததால், அவர் என்ன செய்தார் என்பதை நான் முழுவதும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். உங்கள் சாட்சியம் உங்கள் பெயரோடு மலரில் வரும்.

காரைக்கரை தம்பி, கொப்பிகளில் பார்த்தேன். 1965, 1966ஆம் ஆண்டுப் பக்கங்களில் காற்றின் பெயர்கள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. அதற்கு முந்திய பக்கங்களில் வடகிழக்கு, தென்மேற்கு என்று திசை எழுதியவர், காரைநகருக்குப் போன பிறகு வாடை என்றும் சோழகம் என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பழக்கம் கடைசிக் கொப்பி வரை மாறவில்லை. தொழிலாளிகளின் பெயர்களையும் குறித்திருக்கிறார். உங்கள் பாட்டனாரின் பெயரைத் தனிமடலில் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லித் தந்ததும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்தில் இருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனை பாகைதான் நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கு. கொழும்பில் அது ஏழு பாகைக்கும் குறைவு. துறைமுக வெளிச்சத்திலும் புழுதியிலும் மறைந்துவிடும். காரைநகரில் பத்துப் பாகைக்குக் கிட்ட வரும், வடக்கே திறந்த கடல், தெளிவாகத் தெரியும். கையை நீட்டி முட்டியைப் பொத்தினால் அகலம் பத்துப் பாகை என்று காட்டி, "ஊரில் நின்றால் உன் முட்டியின் மேல் விளிம்பில் துருவன் உட்காருவான்" என்பார். அண்ணாவின் மகள், ரொறன்ரோவில் தன் பின்வளவில் நின்று முட்டிக்குமேல் முட்டி வைத்து அளந்து, 43 பாகை வருகிறது என்று அவருக்குத் தொலைபேசியில் சொன்ன நாளில், அதையும் நேரம் போட்டுக் கொப்பியில் எழுதியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனையான் அண்ணா, உங்கள் கேள்விதான் என்னை அதிகம் நிறுத்தியது. கொப்பியில் விடை இருந்தது. 1965 செப்ரெம்பர், ஒரு பக்கம்: "02:40. காற்று இல்லை. தோணி ஒன்று. 11 பேர். பெண்கள் 3, கைக்குழந்தை 1. குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தோம். கிழவர் ஒருவர் என்னைத் தமிழன் என்று கண்டு காலைப் பிடித்தார். 06:15. கரையில் ஒப்படைத்தோம்." அதற்குக் கீழே ஒரு கோடு கீறி, "வீட்டில் இருந்து கடிதம். மகனுக்கு முதல் பல்." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை. அவர் என்ன நினைத்தார் என்று நான் கற்பித்து எழுதப் போவதில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே, அவருடைய கையெழுத்திலேயே, மலரில் படமாகப் போடுகிறேன். அந்த ரோந்து எதற்காக நடந்தது, பிடிபட்டவர்கள் யார் என்பதை இரண்டு வசனத்தில் கீழே எழுதுகிறேன். 1974, 1976 உடன்படிக்கைகளால் கடலில் எல்லைக்கோடு கீறப்படுவதற்கு முந்திய காலம் அது என்பதையும் குறிப்பேன். உங்கள் பாட்டனின் தம்பி அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு எனக்கும் வருகிறது.

இறைபணி ஐயா, உங்கள் சொல்லையும் தள்ளவில்லை. பாராயணப் பகுதி முன்னால், தனியே, வழமைபோல் வரும். வாழ்க்கைக் குறிப்பு அதற்குப் பின்னால் வரும். சாமியறையில் வைப்பவர்கள் முன்பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தெஹிவளைவாசகி அக்கா, நீங்கள் சொன்னபடி முழுவதையும் அம்மாவிடம் வாசித்தேன். அம்மா இரண்டு திருத்தம் சொன்னார். முதலாவது, 1964 புயலில் பலகை அடித்தது அப்பா அல்ல. அப்பா கடமையில் இருந்தார், பலகை அடித்தது அம்மாவும் பக்கத்து வீட்டு மாலுமியின் மனைவியும். கொப்பியில் 'அடித்தாயிற்று' என்றுதான் இருக்கிறது. யார் அடித்தது என்று நாங்கள் கேட்டதே இல்லை. இரண்டாவது, 1978இல் அப்பா ஏன் ஓய்வு பெற்றார் என்பதற்கு நான் 'வயது காரணமாக' என்று எழுதியிருந்தேன். அம்மா அதை வெட்டச் சொன்னார். அப்பாவுக்கு அப்போது 41 வயது. தன்னைவிடப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்ததும், பிள்ளைகள் மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று அம்மா கேட்டதும், இரண்டும் சேர்ந்துதான் காரணம் என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

அண்ணாவுக்கும் தம்பிக்கும் இந்த இழையை அனுப்பினேன். அண்ணா முதற் பல் வந்த பக்கத்தை இன்னும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1983 பற்றிய பகுதியைத் தானே எழுதுவதாகச் சொல்கிறான். அத்தையிடம் இனித்தான் பேச வேண்டும்.

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். கஜபாகுவில் அறுபதுகளில் இருந்தவர்களின் குழுப் படம் யாரிடமாவது இருந்தால், வியாழன் மாலைக்கு முன் அனுப்பி உதவுங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க இருக்கிறோம். இங்கே எழுதியவர்களுக்கும் அனுப்புகிறேன், முகவரியைத் தனிமடலில் தாருங்கள்.